வண்டி வந்துவிட்டது, வேலை வேண்டாமா?

"அமெரிக்காவில் சிற்றூர்ப் போலீஸாரிடம்கூடக் கவச வண்டியும் ராணுவத் துப்பாக்கியும் இருக்கின்றனவே, அவை எப்படி வந்தன? அவற்றால் அங்குள்ள மக்களுக்குப் பாதுகாப்பு கூடியதா, குறைந்ததா?" என்பது கேள்வி. கேட்டவர் 2014-இல் மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரிலிருந்து வெளிவந்த புகைப்படங்களைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அந்தப் படங்களுக்குப் பிறகு வருகிறேன். முதலில் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு வீட்டுச் சமையலறைக்குள் போக வேண்டும். விஷயத்தின் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

வாஷிங்டன் நகரை ஒட்டி, சுமார் மூவாயிரம் பேர் வாழும் பெர்வின் ஹைட்ஸ் என்ற ஊர். 2008 ஜூலை 29 மாலை, அவ்வூர் மேயர் செய் கால்வோ வேலையிலிருந்து திரும்பி, தம் இரண்டு லாப்ரடார் நாய்களை நடக்க அழைத்துப் போய் வந்தார். வாசலில் ஒரு பார்சல். மேலே அவர் மனைவியின் பெயர். எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஒரு கூட்டத்துக்குப் போவதற்காக உடை மாற்ற மாடிக்குப் போனார். கீழே மாமியார் அடுப்படியில் நின்று சமைத்துக்கொண்டிருந்தார். கறுப்பு உடையில் துப்பாக்கிகளோடு ஆட்கள் வீட்டை நோக்கி ஓடிவருவதைப் பார்த்து அவர் அலறினார். மறுகணம் கதவு உடைந்தது. ஒரு நாய் கூடத்திலேயே சுடப்பட்டது. மற்றது ஓடும்போது சுடப்பட்டது. மேயரை உள்ளாடையோடு இறக்கி, கைகளைக் கட்டி உட்கார வைத்தார்கள். மாமியார் கைகள் கட்டப்பட்டுத் தரையில் கிடந்தார்.

பார்சலில் 14 கிலோவுக்கும் அதிகமான கஞ்சா இருந்தது. மேயர் குடும்பத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யாரோ ஒருவர் வீட்டு முகவரிக்குச் சரக்கை அனுப்பி, வீட்டுக்காரர் கண்ணில் படும் முன் தங்கள் ஆளை வைத்து எடுத்துக்கொள்வது கடத்தல்காரர்களின் உத்தி. போலீஸுக்குப் பார்சல் பற்றி முன்பே தெரியும். அதை வாசலில் கொண்டுபோய் வைத்ததே கூரியர்காரர் வேடமிட்ட போலீஸ்காரர்தான். தெரியாதது, அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும். பெர்வின் ஹைட்ஸுக்கென்றே ஒரு போலீஸ் தலைவர் இருந்தார். அவரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அழைப்பு மணியை அடித்திருந்தால் மேயரே வந்து திறந்திருப்பார். அடிக்கவில்லை. நம் மாவட்டம் போன்ற கவுன்டியின் நிர்வாகத்தின் கையில் ஸ்வாட் என்ற அதிரடிப் போலீஸ் படை ஒன்று இருந்தது, ஆகவே ஸ்வாட் படை போயிற்று. என் பதில் இந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் இந்த நிலை எப்படி வந்தது என்ற கதை.

கதைக்குள் போகும் முன், நம்மூர் வாசகர்களுக்காக ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் காவல் நிலையத்துப் போலீஸ் வேறு, ஆயுதப்படை வேறு, பட்டாலியன் போலீஸ் வேறு. திருட்டு வழக்கில் புகார் எழுதுகிறவரும் கலவரத்தில் கேடயம் பிடிக்கிறவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். (நம் ஏற்பாடு மேலானது என்று சொல்ல வரவில்லை. தூத்துக்குடியை மறந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.) அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 தனித்தனிப் போலீஸ் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் பல, பத்துப் பேர்கூட இல்லாத குட்டி அமைப்புகள். பெருநகரங்களில் ஸ்வாட் படைக்கென முழுநேர ஆட்கள் உண்டு. சின்ன ஊர்களில் பகலில் போக்குவரத்து அபராதச் சீட்டு எழுதுகிறவரே, அழைப்பு வந்ததும் தலைக்கவசமும் குண்டு துளைக்காத உடுப்பும் மாட்டிக்கொண்டு ஸ்வாட் ஆகிவிடுவார். மாதத்தில் சில மணி நேரப் பயிற்சியோடு சரி.

ஸ்வாட் என்ற ஏற்பாடு லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் போலீஸில் பிறந்தது. 1965-இல் அந்நகரின் வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளினான். சாதாரண ரோந்துப் போலீஸ் இவற்றுக்கு முன் கைபிசைந்து நின்றதைப் பார்த்த டேரில் கேட்ஸ் என்ற அதிகாரி, தனிப் பயிற்சி பெற்ற சிறு படையை உருவாக்கினார். பெயரில் 'தாக்குதல்' என்ற சொல் வர வேண்டும் என்பது அவர் ஆசை. மேலதிகாரி ஒப்பவில்லை. எழுத்துகள் மாறாமல் 'சிறப்பு ஆயுதங்களும் உத்திகளும்' என்ற சாதுவான பொருளுக்கு மாற்றிக்கொண்டார்கள். 1969 டிசம்பரில் அந்தப் படைக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை என்ன தெரியுமா? கறுப்பினத்தவரின் அரசியல் அமைப்பான பிளாக் பேந்தர் கட்சியின் அலுவலகத்துக்கு வாரண்ட் கொண்டுபோவது. நான்கு மணி நேரம், ஆயிரக்கணக்கான தோட்டாக்கள். யாரும் சாகாமல் போனது அதிசயம்.

கேட்ஸ் பிறகு அந்நகரப் போலீஸ் தலைவரானார். 1985-இல் பதினான்கு அடி நீள இரும்புத் தூண் பொருத்திய ஒரு ராணுவக் கவச வண்டியில் தாமே ஏறிக்கொண்டு, பகோய்மா பகுதியில் ஒரு வீட்டுச் சுவரை இடிக்கப் போனார். போதைப்பொருள் கிடங்கு என்று தகவல். சுவர் விழுந்தது. உள்ளே இரண்டு பெண்களும் மூன்று குழந்தைகளும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அகப்பட்ட கொக்கெய்ன் சிட்டிகைகூட இல்லை. இரண்டாண்டு கழித்து, அந்த வண்டியைப் பயன்படுத்துவதென்றால் முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி பெற வேண்டும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது.

போதைப்பொருளுக்கு எதிரான 'போர்' என்று நிக்சன் 1971-இல் தொடங்கிய பேச்சு, ரீகன் காலத்தில் உண்மையாகவே போர்க்கோலம் பூண்டது. உள்நாட்டுச் சட்டம் ஒழுங்கில் ராணுவம் தலையிடக் கூடாது என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. ராணுவத்தைத் தெருவில் இறக்கத்தானே தடை? ராணுவத்தின் பொருளை இறக்கத் தடையில்லையே! பென்டகனின் உபரிப் பொருள்களைப் போதைப்பொருள் ஒழிப்புக்காகப் போலீஸுக்குத் தரலாம் என்று 1990 நிதியாண்டுச் சட்டம் கதவைத் திறந்தது. 1997 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தின் 1033-ஆவது பிரிவு அதை எல்லாப் போலீஸ் வேலைகளுக்கும் அகலத் திறந்துவிட்டது. இன்றும் அதன் பெயர் '1033 திட்டம்'தான்.

திட்டத்துக்கு நியாயம் கற்பித்த ஒரு நாளும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1997 பிப்ரவரி 28 அன்று வடக்கு ஹாலிவுட்டில் ஒரு வங்கியைக் கொள்ளையடித்த இருவர், உடல் முழுக்கக் கவசம் அணிந்து, தானியங்கித் துப்பாக்கிகளால் நடுத்தெருவில் சுட்டார்கள். போலீஸின் கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் அந்தக் கவசத்தைத் துளைக்கவில்லை. பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்கு ஓடி ரைஃபிள்கள் வாங்கி வந்தார்கள். அதன்பின் பென்டகன் 600 எம்-16 துப்பாக்கிகளை அந்நகரப் போலீஸுக்கு அனுப்பியது. அன்று தெருவில் நின்ற போலீஸ்காரரிடம் போய் 'உங்களுக்கு ராணுவத் துப்பாக்கி எதற்கு?' என்று நான் கேட்க மாட்டேன். அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் இருக்கும் ஆயுதங்களின் கணக்கை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவதும் நேர்மையாகாது.

ஆனால் அந்த நாள் அபூர்வமான நாள். திட்டமோ தினமும் நடக்கிறது. இதுவரை எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் அதில் சேர்ந்திருக்கின்றன. கைமாறிய பொருள்களின் கொள்முதல் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். எண்ணிக்கையில் பெரும்பாலானவை மேசை, நாற்காலி, போர்வை, மருந்துப் பெட்டி போன்ற சாதாரணச் சாமான்கள்தான். ரைஃபிள்களும் இராக்கில் கண்ணிவெடிக்குத் தாக்குப்பிடிக்கச் செய்த 'எம்ராப்' வண்டிகளும் மீதியில் வரும். ஆறேழு லட்சம் டாலர் விலையுள்ள எம்ராப் ஒன்றுக்கு ஊர்ப் போலீஸ் தர வேண்டியது கொண்டுவரும் செலவு மட்டும். பராமரிப்பு பிறகு தலையில் விழும், அது வேறு கதை. இதில் ஒரு நிபந்தனையை மட்டும் கவனியுங்கள்: வாங்கிய பொருளை ஓராண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கிடங்கில் பதுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுதிய விதியாகவே இருக்கலாம். ஆனால் வங்கிக் கொள்ளையர் வரும் அபூர்வ நாளுக்கென்று வாங்கிய வண்டியை, கொள்ளையர் வராத ஓராண்டில் எதற்கு ஓட்டுவது?

நாங்கள் சில ஆண்டுகள் வாழ்ந்த ஊரில், ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் ஒரு திருவிழாவில் போலீஸ் தன் கவச வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும். குழந்தைகள் வரிசையில் நின்று ஏறி இறங்குவார்கள். என் மகனும் ஏறினான், புகைப்படமும் எடுத்தோம். கதவின் கனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. அன்று அது எனக்கு விளையாட்டாகத்தான் பட்டது.

வண்டிகள் எல்லாம் 1033 வழியாக வந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை பயங்கரவாதத் தடுப்பு மானியமாக அள்ளிக் கொடுத்த பணத்தில் புத்தம் புதிதாக வாங்கியவை ஏராளம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கீன் நகரில் மக்கள்தொகை சுமார் 23,000. 'பேர்கேட்' என்ற கவச வண்டி வேண்டும் என்று அந்நகரம் எழுதிய விண்ணப்பத்தில், பயங்கரவாதிகள் குறிவைக்கக்கூடிய இடங்களுள் ஒன்றாக ஊரின் பூசணித் திருவிழாவையும் சேர்த்திருந்தார்கள். 2,85,933 டாலர் கிடைத்தது. கேட்டவர்களுக்கு எவ்வளவு எளிதில் கிடைத்தது என்பதற்கு இன்னொரு சான்று: 2017-இல் மத்திய அரசின் தணிக்கை அமைப்பே, உண்மையில் இல்லாத ஒரு போலீஸ் அமைப்பைக் காகிதத்தில் உருவாக்கி, 1033 திட்டத்துக்கு விண்ணப்பித்துப் பார்த்தது. இரவிலும் பார்க்க உதவும் கண்ணாடிகள் உள்பட 12 லட்சம் டாலர் பொருள்கள் அந்தப் பொய் முகவரிக்காரர்கள் கைக்கு வந்துவிட்டன. நேரில் வந்து எடுத்துச் சென்றபோதும் யாரும் சந்தேகப்படவில்லை.

இத்தனையும் கையில் வந்தபின் ஸ்வாட் படைகள் என்ன செய்தன? கிழக்கு கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பீட்டர் கிராஸ்காவின் கணிப்புப்படி, 1980 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 3,000 முறை களமிறங்கிய ஸ்வாட் படைகள், 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் 45,000 முறைக்கு மேல் இறங்கின. நாட்டில் பணயக்கைதிச் சம்பவங்கள் பதினைந்து மடங்கு பெருகிவிடவில்லை. அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம் 2014-இல் இருபது போலீஸ் அமைப்புகளின் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஸ்வாட் நடவடிக்கைகளை எடுத்து ஆராய்ந்தது. நூற்றுக்கு 79, சோதனை வாரண்டை நிறைவேற்றப் போனவை, பெரும்பாலும் போதைப்பொருள் தேடி. பணயக்கைதி, துப்பாக்கியோடு பதுங்கியவன் என்று எதற்காகப் படை உருவானதோ அதற்குப் போனது 7 விழுக்காடுதான்.

இப்படிப்பட்ட சோதனைகளில் ஒன்று, 2014 மே மாதத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் ஹேபர்ஷாம் கவுன்டியில் நடந்தது. வேறு மாநிலத்தில் தங்கள் வீடு தீப்பிடித்து எரிந்துபோனதால் உறவினர் வீட்டில் வந்து தங்கியிருந்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, நான்கு குழந்தைகள். கடைக்குட்டிக்கு 19 மாதம். அந்த வீட்டு ஆள் ஒருவரிடம் ஐம்பது டாலருக்குப் போதைப்பொருள் வாங்கியதாக ஓர் உளவாளி சொன்னதை வைத்து வாரண்ட் வாங்கினார்கள். குழந்தைகளுக்கான இருக்கைகளோடு அந்தக் குடும்பத்தின் வேன் வெளியே நின்றிருந்தது. அதிகாலை இரண்டு மணிக்கு மேல் கதவை உடைத்து, கண்ணைக் கூச வைத்துக் காதை அடைக்கும் 'ஃப்ளாஷ்பேங்' குண்டை உள்ளே எறிந்தார்கள். அது குழந்தை தூங்கிய தொட்டில் படுக்கையில் விழுந்து வெடித்தது. முகமும் மார்பும் கிழிந்த குழந்தை பிழைத்தது, பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு. வீட்டில் போதைப்பொருள் இல்லை. தேடிய ஆளும் இல்லை. அவரைப் பிற்பாடு வேறோர் இடத்தில் ஸ்வாட் படை இல்லாமலேயே கைது செய்தார்கள். மருத்துவச் செலவைத் தர முடியாது என்று கவுன்டி முதலில் கைவிரித்தது. கடைசியில் 36 லட்சம் டாலரில் வழக்கு முடிந்தது.

லூயிவில் நகரில் 2020 மார்ச் 13 அன்று பிரியானா டெய்லர் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி பலருக்கும் நினைவிருக்கும். நள்ளிரவு தாண்டிய நேரம். கதவை உடைப்பவர்கள் போலீஸ் என்று தெரியாத அவர் காதலர் ஒரு முறை சுட்டார். போலீஸார் 32 முறை சுட்டார்கள். போனவர்கள் ஸ்வாட் படையினர்கூட இல்லை, சாதாரண உடையில் இருந்த போதைப்பொருள் பிரிவினர். ஸ்வாட்டின் வழக்கம் மற்றப் பிரிவுகளுக்குத் தொற்றியிருந்தது, பயிற்சி தொற்றவில்லை. என்னைக் கேட்டால் ராணுவமயம் என்பதில் வண்டியைவிட இதுதான் ஆபத்தானது. வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரமன்றம் 2014-இல் வாக்கெடுத்துத் தன் எம்ராப்பைத் திருப்பி அனுப்ப முடிவு செய்தது. தட்டாமல் உடைக்கும் பழக்கத்தை யாருக்கு அனுப்புவது?

இப்போது ஃபெர்குசன். 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரை ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். உடல் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வெயிலில் நடுத்தெருவில் கிடந்தது. மக்கள் கூடினார்கள். கவச வண்டியின் கூரையில் முக்காலியில் பொருத்திய ரைஃபிளோடு ஒருவர், ஆயுதமில்லாத கூட்டத்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்த படத்தைத்தான் உலகம் பார்த்தது. போர்முனையில் நாங்கள்கூட இவ்வளவு மாட்டிக்கொண்டு திரிந்ததில்லை என்று இராக்கிலிருந்து திரும்பிய வீரர்கள் எழுதினார்கள். ஐந்தாம் நாள் மாநில ஆளுநர் பொறுப்பை நெடுஞ்சாலைப் போலீஸின் கேப்டன் ரான் ஜான்சனிடம் மாற்றினார். அவர் அந்தப் பகுதியில் வளர்ந்தவர், கறுப்பினத்தவர். வாயு முகமூடிகளைக் கழற்றச் சொல்லிவிட்டு, கூட்டத்தோடு நடந்தார். அன்றிரவு கண்ணீர்ப்புகை தேவைப்படவில்லை. அந்த அமைதி நீடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் கடைகள் சூறையாடப்பட்டன, ஊரடங்கு வந்தது, பிறகு தேசியக் காவல்படையும் வந்தது.

வண்டி வராமல் இருந்திருந்தால் ஃபெர்குசன் நல்ல ஊராக இருந்திருக்குமா? இல்லை. பிரவுனைச் சுட்டவர் மீது மத்திய அரசு வழக்குத் தொடர ஆதாரம் போதாது என்று மத்திய அரசின் நீதித்துறை 2015 மார்ச்சில் முடிவு சொன்னது, கூடவே இன்னோர் அறிக்கையைத் தனியாக வெளியிட்டது. அது அந்நகரப் போலீஸின் அன்றாடத்தைப் பிரித்துப் போட்டது. மக்கள்தொகையில் 67 விழுக்காடான கறுப்பினத்தவர், கைதானவர்களில் 93 விழுக்காடு. அபராத வசூல் நகராட்சி வருமானத்தில் ஒரு தூண். சட்டவிரோதமாக வண்டி நிறுத்தியதற்காக 2007-இல் ஒரு பெண்ணுக்கு விதித்த அபராதம் 151 டாலரும் கட்டணங்களும். ஏழாண்டில் அவர் இரண்டு முறை கைதாகி, ஆறு நாள் சிறையிருந்து, 550 டாலர் கட்டிய பிறகும் பாக்கி 541 டாலர். அந்தக் கூட்டம் ஒரே நாள் கோபத்தில் கூடியதில்லை. ஆண்டுக்கணக்காக அபராதச் சீட்டோடு வந்தவர்கள் ஆகஸ்டில் கவச வண்டியோடு வந்தபோது, இரண்டும் ஒரே முகமாகத்தான் மக்களுக்குத் தெரிந்திருக்கும்.

பாதுகாப்பு கூடியதா என்ற கேள்விக்கு ஆய்வாளர்களின் விடை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. ராணுவப் பொருள் வந்த இடங்களில் குற்றம் குறைந்தது என்று 2017-இல் இரண்டு ஆய்வுகள் சொன்னன. ராணுவப் பொருள் தருவதற்கு அப்போதிருந்த தடைகளை நீக்க மத்திய அரசு அவற்றையும் காரணம் காட்டியது. 2020-இல் வேறு ஆய்வாளர்கள் நுணுக்கமான தரவுகளை வைத்து அதே கணக்கைப் போட்டபோது அந்தப் பலன் காணாமல் போயிற்று. ஆயுதம் இருந்தால் துணிவு வரும் என்பாரும் உண்டு. 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் ரைஃபிளும் கவசமும் கேடயமுமாக 376 பேர் குவிந்தார்கள். துப்பாக்கிக்காரன் இருந்த வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆயிற்று. 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள். ஸ்வாட் எதற்காகப் பிறந்ததோ அந்த நாள் அதுதான்.

வாஷிங்டனின் ஆணைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒபாமா 2015-இல் குண்டு வீசும் கருவி, துப்பாக்கிச் செருகுகத்தி போன்றவற்றைத் தடை செய்தார். டிரம்ப் 2017-இல் நீக்கினார். பைடன் 2022-இல் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தார். 2025-இல் டிரம்ப் மீண்டும் நீக்கியதோடு, இன்னும் அதிகம் கொடுக்கச் சொல்லி ஆணையிட்டார். போலீஸுக்குச் செருகுகத்தி எதற்கு என்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாநில அளவில் நடப்பதில்தான் எனக்கு நம்பிக்கை. கலிஃபோர்னியா 2021-இல் இயற்றிய சட்டப்படி, ராணுவத் தளவாடம் வாங்கவும் வைத்துக்கொள்ளவும் நகரமன்றத்தின் ஒப்புதலைப் பொதுக்கூட்டத்தில் பெற வேண்டும், ஆண்டுதோறும் கணக்குச் சொல்ல வேண்டும்.

பெர்வின் ஹைட்ஸ் மேயர் தம் நாய்களை இழந்த பிறகு செய்ததும் இந்த வகைதான். மேயர் வீடு என்பதால் செய்தியாயிற்று. கவுன்டியின் மற்ற வீடுகளில் கதவுகள் உடைந்தபோது யாரும் கேட்கவில்லை. கால்வோ மாநிலச் சட்டமன்றத்துக்கு நடந்தார். ஸ்வாட் படை எங்கே, எதற்கு, எத்தனை முறை போயிற்று, எதைக் கண்டது, யாரைக் காயப்படுத்தியது என்று ஒவ்வோர் அமைப்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதித் தர வேண்டும் என்ற சட்டம் 2009-இல் நிறைவேறியது. போலீஸை எதுவும் செய்யாதே என்று அது சொல்லவில்லை, எண்ணு என்று மட்டும் சொன்னது. எண்ணியதில், நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் மேரிலாந்தில் ஸ்வாட் படை இறங்குவது தெரிந்தது. பத்தில் ஒன்பதுக்கும் மேல் வாரண்டுக்காக. இந்தக் கணக்கை வைத்து ஜொனாத்தன் முமோலோ என்ற ஆய்வாளர் 2018-இல் வெளியிட்ட கட்டுரைதான், குற்ற விகிதத்தைக் கழித்துப் பார்த்தாலும் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பகுதிகளுக்கே அந்தப் படை அதிகம் போனதைக் காட்டியது. ராணுவக் கோலத்தில் இருக்கும் போலீஸின் படத்தைப் பார்த்தவர்கள், தங்கள் ஊரில் குற்றம் அதிகமென்று நம்பத் தொடங்குவதையும் போலீஸுக்குக் கூடுதல் பணம் தரத் தயங்குவதையும் அதே கட்டுரை சொன்னது.

மேரிலாந்தின் அந்தச் சட்டத்துக்கு ஆயுள் ஐந்து ஆண்டு என்று அதிலேயே எழுதியிருந்தது. ஃபெர்குசன் தெருவில் கவச வண்டிகள் நின்ற அதே 2014-இல் அது காலாவதியானது. அப்போது யாரும் அதை நீட்டிக்கவில்லை.